கம்பியின் ஓசையைக் கேட்கச் சொன்ன அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையை எழுதித் தருவது ஒரே மகளான என் கடமை. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றி உங்களில் பலரிடம் நான் ஒரு தவறான செய்தியைச் சொல்லியிருக்கிறேன். அதை நானேதான் திருத்த வேண்டும்.

அப்பா பிறந்தது சிவகாசியில். தாத்தா பட்டாசு வேலை செய்தவர். அப்பாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, காலி என்று எல்லோரும் நினைத்துக் கொல்லையில் போட்டிருந்த ஒரு தகர டப்பாவை அவருடைய தங்கை விளையாட எடுத்தாள். கையில் தீப்பெட்டி இருந்தது. டப்பாவின் அடியில் கருமருந்து கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கிறது. அந்த அத்தையை நான் புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை. அப்பா அவர் பெயரைச் சொல்லியும் கேட்டதில்லை. "காலின்னு நெனைக்கறது வேற, காலின்னு தெரியறது வேற" என்று மட்டும் சொல்வார். தண்ணீர்க் குடத்திலிருந்து கேஸ் சிலிண்டர் வரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

பள்ளிப் படிப்பை முடித்துத் தேர்வெழுதி, துறைமுக வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தார். கிடர்பூரில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கி, கூலித் தொழிலாளர்களிடம் வங்காள மொழி பேசக் கற்றுக்கொண்டார். திருமணத்துக்குப் பின் காளிகாட்டில் குடியேறினார். அந்த வீட்டை அவர் கடைசி வரை மாற்றவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் பொறுப்பில் இருந்த கிடங்குக்கு ஏற்றுமதிப் பெட்டிகள் சில வந்தன. உள்ளே இருந்தவை துப்பாக்கிகள், பழைய காலத்து அச்சில் புதிதாகச் செய்தவை. தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியில் பொதிந்த ஈய உருண்டையை வைத்து, கம்பியால் கெட்டிக்க வேண்டும். சரிபார்ப்பதற்காகத் திறந்த பெட்டியை அப்பாவால் மூட முடியவில்லையாம். உடன் வேலை பார்த்த கானாய், நான் காகு, அதாவது சித்தப்பா, என்று அழைப்பவர், துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினர். அவர்தான் அப்பாவைச் சேர்த்துவிட்டார். உரிமம் கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. கடைசியில் அப்பாவிடம் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று நீளம், மற்றொன்று குட்டை. தங்கையைப் பறித்த அதே மருந்தை இவர் ஏன் தேடிப் போனார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்கத் துணிவு வரவில்லை. அவர் அதை அளந்து கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு துகள் சிந்தினாலும் ஈரத் துணியால் ஒற்றி எடுப்பார்.

ஞாயிறுதோறும் இருவரும் ஊருக்கு வெளியே சுடப் போவார்கள். "ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க ஞாயித்துக்கிழமை மீன் வாங்கிட்டு வாராங்க, இவரு மூஞ்சியெல்லாம் புகையைப் பூசிட்டு வாராரு" என்பார் அம்மா. வந்ததும் அப்பா குழலைச் சுடுநீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுவார். பிறகு கம்பியை உள்ளே விடுவார். குழல் காலியாக இருந்தால் கம்பி அடி வரை இறங்கும். அதில் அவர் வரைந்திருந்த சிவப்புக் கோடு சரியாகக் குழல் வாயில் நிற்கும். அடியில் இரும்பு இரும்பைத் தொடும் ஓசை மணி போலக் கேட்கும். உள்ளே ஏதாவது இருந்தால் கோடு மேலேயே நின்றுவிடும், ஓசையும் எழாது.

கோட்டைத் தான் பார்த்தால் மட்டும் அப்பாவுக்குப் போதாது. ஓசையை வீட்டில் இன்னொருவரும் கேட்டுச் சொல்ல வேண்டும். "கேட்டுச்சா?" என்பார். அம்மா வேண்டுமென்றே, "கேக்கலையே, இன்னொரு தடவை போடுங்க" என்பார். அப்பா சிரிக்காமல் மறுபடி போடுவார். நான் திருமணமாகிப் பவானிபூருக்குப் போனேன், அம்மாவும் மறைந்தார். அதன்பின் ஞாயிறு மதியம் தொலைபேசி அடிக்கும். "தாயி, கேளு" என்பார். நான் கேட்டேன் என்று சொன்ன பிறகுதான் துப்பாக்கி சுவருக்குப் போகும்.

என் கணவர் வேலையாக ஆறு மாதம் வெளியூர் போனபோது, மூன்று வயது மகளோடு அப்பாவிடம் வந்து இருந்தேன். குழந்தை பிறந்த நாளிலிருந்தே எனக்கு எல்லாவற்றிலும் பயம். மாடிப்படி பயம், கொதிநீர் பயம், துப்பாக்கி பெரும் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுக்களையில் இருந்தேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது, குழந்தை என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அறையிலிருந்து அப்பா, "தாயி, கேட்டுச்சா?" என்றார். "கேட்டுச்சுப்பா" என்றேன்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. பாலை இறக்கும் அவசரத்தில் சொல்லிவிட்டேன்.

எண்ணெய் உலர்வதற்காக அப்பா துப்பாக்கிகளை அறை மூலையில் நிறுத்திவைப்பார், மாலையில் எடுத்துச் சுவரில் மாட்டுவார். குட்டைத் துப்பாக்கி ஏறத்தாழ என் மகள் உயரம்தான் இருக்கும்.

அந்த வாரம் வியாழக்கிழமை, மனசு கேட்காமல் அந்தக் குட்டைத் துப்பாக்கியை இறக்கி நானே கம்பியை விட்டுப் பார்த்தேன். சிவப்புக் கோடு இரண்டு விரற்கடை மேலே நின்றது. ஓசை எழவில்லை. அடுத்த நொடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டேன்.

அப்பா பதறவில்லை. கம்பியை எடுத்து மறுபடி விட்டுப் பார்த்தார். உள்ளே மருந்து இருந்தால் நனையட்டும் என்று குழலில் தண்ணீர் ஊற்றினார். "பத்து நிமிசம் குடு தாயி, கம்பியில திருகு போட்டு உள்ள இருக்கிறதை எடுத்துடறேன்" என்றார்.

"வேண்டாம். இப்பவே ரெண்டையும் வெளிய கொண்டு போங்க. இல்லன்னா நாங்க போறோம்" என்றேன்.

அப்போதுதான் அவர் கேட்டார். "ஞாயித்துக்கிழமை கேட்டுச்சுன்னு சொன்னியேம்மா?"

"நான் சரியா கேக்கலப்பா."

அப்பா கம்பியில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். "கோடு குழல் வாயில நின்னதைப் பார்த்த ஞாபகம் இருக்கு. ஆனா அது இந்த வாரமா, போன வாரமான்னு தெரியல" என்றார்.

அன்று மாலைக்குள் இரண்டையும் துப்பாக்கிக் கடையில் பாதுகாப்புக்காக ஒப்படைத்துவிட்டார். குட்டைத் துப்பாக்கிக்குள் மருந்து இருக்கலாம், தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், நானே வந்து எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின் அவர் அந்தக் கடைப் பக்கம் போகவே இல்லை. தன் தவறைத் தன் கையாலேயே வெளியே எடுத்துப் பார்க்க அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். கானாய் காகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

நான் உறவினர்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னேன். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, குண்டு போட்ட துப்பாக்கியைக் குழந்தை இருக்கும் வீட்டில் மாட்டியிருந்தார் என்று. நீங்களும் அவரிடம் பேசும்போது குரலைத் தாழ்த்தி, மெதுவாகப் பேசத் தொடங்கினீர்கள். அதை அவர் புரிந்துகொண்டார். கேஸை மூடிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பார்ப்பார். தெருவைக் கடக்கும்போது பேத்தி கையை நீட்டினால், "நீயே பிடிச்சுக்க தாயி" என்று என்னிடம் சொல்லி விலகிக்கொள்வார். அதுவரை அவள் கையை அவர்தான் பிடிப்பார். தன்னுடைய நீல நிற மெழுகுக்குச்சியைக் காணோம் என்று பேத்தி அழுதபோது மட்டும் வெயிலில் போய்ப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். குச்சிகளைத் தொலைத்ததற்காக நான் அவளைத் திட்டியிருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, காய்கறிப் பையோடு படியேறி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துப்பாக்கிகளைக் கானாய் காகுவின் உரிமத்துக்கு மாற்றுவதற்காகப் போன மாதம்தான் நானும் அவரும் கடைக்குப் போனோம். மாற்றுவதற்கு முன் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும் என்றார்கள். கடையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் மிஸ்திரி கம்பி நுனியில் திருகைப் பூட்டி, குழலுக்குள் விட்டுச் சுழற்றி, இழுத்தார். திருகில் ஒட்டிக்கொண்டு நீலமாக ஏதோ வந்தது. மறுபடி விட்டார். மறுபடியும் நீலம், பிறகு கொஞ்சம் பச்சை. கானாய் காகு அதை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"ரங் பென்சில், மா" என்றார்.

என் மகளின் மெழுகு வண்ணக்குச்சிகள். மருந்தும் இல்லை, ஈயமும் இல்லை. மூலையில் துப்பாக்கி நின்ற அந்த ஞாயிறு மதியம் அவள் போட்டிருக்க வேண்டும். அப்பா காலியாகத்தான் வைத்திருந்தார். கோடு குழல் வாயில் நின்றதை அவர் பார்த்தது அந்த வாரம்தான். நான் அன்று காது கொடுத்திருந்தால் அவருக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும். பத்து நிமிடம் கொடுத்திருந்தால் அவரே அந்த நீலத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார். பேத்தியின் உயிருக்குத் தானே ஆபத்தாக இருந்தோம் என்று நம்பிக்கொண்டே போனார். தங்கையை அப்படி இழந்தவர்.

என் மகள் வங்காள மொழியில் படிக்கிறாள். தமிழ் எழுத்து வருமோ என்னவோ. வந்து, ஒருநாள் இதைப் படித்தால்: உன் மேல் ஒரு தவறும் இல்லை கண்ணே. நீ குழந்தை. கேட்டேன் என்று கேட்காமல் சொன்னவள் நான்.

அம்மாவின் காலத்துக்குப் பின் அப்பாவுக்குத் துணையாக இருந்த கானாய் காகுவுக்கும், அன்று காலை ஓடி வந்த கீழ் வீட்டாருக்கும், மருத்துவருக்கும், இறுதிக் காரியங்களைத் தாங்கி நடத்திய காளிகாட், பவானிபூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும், தொலைவிலிருந்து வந்த சிவகாசி உறவினர்களுக்கும் நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு மறதி என்று நான் சொன்னதை யாரிடமாவது நீங்கள் சொல்லியிருந்தால், அவர்களிடம் அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். அவர் கடைசி நாள் வரை எதையும் மறக்கவில்லை.

மெழுகெல்லாம் எடுத்த பிறகு மிஸ்திரி குழலைத் துடைத்து, கம்பியை உள்ளே விட்டார். சிவப்புக் கோடு குழல் வாயில் சரியாக நின்றது. கடைக்கு வெளியே பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த மணி ஓசை தெளிவாகக் கேட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"கேட்டுச்சுப்பா."