மூன்றாவது ஓலை

அமெரிக்க நாவல்களில் பணக்காரனாகத் துடிக்கும் ஒருவன் தவறாமல் வருவான். பெரிய வீடு, விருந்து, வாசலில் பளபளக்கும் கார். கடைசியில் பார்த்தால் எதுவும் அவனுடையதாக இருக்காது. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பல வருடங்களாக இதைத்தான் நடத்துகிறேன். வருடா வருடம் கேள்வித்தாளில் மாயையும் நிஜமும் என்று ஒரு பெரிய கேள்வியும் வைப்பேன். வகுப்பில் அந்த ஆளைக் கிழிகிழியென்று கிழிப்பேன். அவனைவிட, அவன் வீட்டைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களை இன்னும் அதிகமாக. மூளையை அடகு வைத்த கூட்டம் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எங்கள் மாதா கோவில் பங்கிலும் அந்தக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் கைபேசிகள் வெளியே வரும். மகன் வாங்கிய வீடு, மருமகன் வெட்டிய புல்தரை. தலைமுறை தலைமுறையாக டீச்சர் வேலையும் நர்ஸ் வேலையும் பார்த்த குடும்பங்கள். இப்போது ஆளுக்கொரு நீச்சல் குளத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிற்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவேன்.

போன வருடம் என் மகளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை டெக்சாஸில் இருந்தான். அனுப்பிய படத்தில் வெள்ளை வீடு, நீலக் குளம், ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவன். நான் படத்தைப் பெரிதாக்கி ஜன்னல்களை எண்ணினேன். ஆசிரியர் அறையில் காட்டினேன். மீன்காரம்மாவிடம்கூடக் காட்டினேன்.

"இன்னா மிஸ், ஓட்டல் மாதிரி கீது!" என்றாள். அன்று வஞ்சிரம் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினேன்.

வீடியோவில் பேசும்போதெல்லாம் அவன் காருக்குள்தான் உட்கார்ந்திருப்பான். பாவம், வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். மகள் அப்படி நினைக்கவில்லை.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று அறிவிப்பு. முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் மகள் சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, அது அவர் வீடே இல்ல. அவரோட முதலாளி வீடு. இவர் இன்னும் மூணு பேரோட ஒரே ரூம்ல இருக்கார். வீட்டைச் சுத்திக் காட்டுங்கன்னு கேட்டேன், அழுதுட்டார். அவங்க அப்பா அம்மாவுக்கே தெரியாதாம்."

"ஒரு போட்டோதானே?" என்றேன். "எல்லாரும் ஆரம்பத்துல அப்படித்தான் இருப்பாங்க. நாளைக்கு வாங்கிட்டா போச்சு."

"ரூம்ல இருந்தா எனக்கென்னம்மா? பொய் சொன்னார்ல. எனக்கு வேணாம்."

"வெளிய வாயத் திறக்காதே. ஓலை வாசிச்சாச்சு. மானம் போயிடும்."

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். பூசை முடிந்து அன்று நான் ஸ்கூட்டர் பக்கம் போகவில்லை. வாசலில் கூட்டத்தோடு நின்றேன். ஒருத்தி தன் மருமகன் வீட்டைக் காட்டினாள். நானும் கைபேசியை எடுத்து அந்த நீலக் குளத்தைக் காட்டினேன். தெரிந்தே காட்டினேன். மகள் இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. மகள் பக்கம் திரும்பினேன்.

"நேத்து ஃபாதரைப் போய்ப் பார்த்தேன்," என்றாள் மெதுவாக. "எனக்குச் சம்மதம் இல்லன்னு சொல்லிட்டேன்."

"அந்தப் பையன் பண்ணினதைச் சொன்னியா?"

"இல்ல. அவராவது நான் கேட்டதும் உண்மைய ஒத்துக்கிட்டார். எங்கம்மாதான் எல்லாம் தெரிஞ்சும் அந்தப் போட்டோவை ஊருக்குக் காட்டிட்டிருக்காங்கன்னு சொன்னேன்."

பீடத்தில் ஃபாதர் அடுத்த அறிவிப்புக்குப் போயிருந்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருடம் வகுப்பில் நான் கிழித்த கூட்டத்தில் என்னைப் போல் கேவலமானவள் ஒருத்தியும் இல்லை. அந்த வீடு பொய் என்று அவர்களுக்காவது தெரியாது.