அம்மாவின் கையில் பாய்க்கோடு

மெத்தைக் கடையில் யார் படுத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் விடை கிடைக்காததால், அந்தப் பொறுப்பு ஏழு வயதான என் தலையில் வந்து விழுந்தது.

பஹ்ரைனில், குதைபியாவில், ஓர் அறையும் சமையலறையும் மட்டும் கொண்ட மாடி வீடு. எழுபதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு ரிஃபைனரியில் ஷிஃப்ட் டியூட்டி. நானும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய கோரைப்பாயைத் தரையில் விரித்து மூன்று பேரும் படுத்துக்கொள்வோம். காலையில் எழுந்தால் மூன்று பேர் கையிலும் கன்னத்திலும் பாயின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருக்கும். யாருடைய கோடு ஆழம் என்று தினமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அப்பாதான் ஜெயிப்பார்.

தரையோ சிமெண்ட். ஜன்னலில் உறுமிக்கொண்டிருந்த ஏசியின் குளிரெல்லாம் அந்தத் தரையில் இறங்கி, அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் குழாயடித் தொட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்று அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தரையில் படுக்கக் கூடாது, நல்ல மெத்தையாக வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார். நல்ல மெத்தை என்றால் எது என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கேட்டால், மெத்தையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று வெளியே தெரிந்துவிடுமே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனோம். கடைக்காரர் கீழக்கரைக்காரர். தமிழ் காதில் விழுந்ததும் டீக்குச் சொல்லிவிட்டு, மூன்று மெத்தைகளை வரிசையாகக் காட்டினார். ஒன்று தேங்காய் நார், ஒன்று ஃபோம், ஒன்று ஸ்ப்ரிங்.

“படுத்துப் பாருங்க சார். படுத்துப் பாக்காம மெத்தை எடுக்கக் கூடாது.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். ஆண்கள் போய்வந்துகொண்டிருக்கும் கடையில், ஒரு மதுரைப் பெண்பிள்ளை மெத்தையில் நீட்டிப் படுப்பதாவது! “ஐயே, என்னங்க நீங்க, நான் மாட்டேன்” என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள் அம்மா. “உக்காந்தாச்சும் பாருங்க தங்கச்சி” என்று கடைக்காரர் கெஞ்சியும் பார்த்தார். அம்மா நின்ற இடத்திலிருந்தே மூன்றையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள், ஏதோ கத்தரிக்காய் வாங்க வந்ததுபோல. அப்பாவும் படுக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

“பாப்பா, நீ படுத்துப் பாரும்மா” என்றார் என்னிடம்.

முதுகுவலி அம்மாவுக்கு, படுத்துப் பார்ப்பது நான். இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது? ஆனால் அன்றைக்கு எனக்கு அது கூத்தாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மகாராணி மாதிரி ஏறினேன். நார் மெத்தை கல்லாக இருந்தது. ஃபோம் பரவாயில்லை. ஸ்ப்ரிங் மெத்தையில் விழுந்ததும் அது என்னை ஒரு முழம் தூக்கிப் போட்டது. அடேயப்பா! உள்ளே என்னமோ முனகியது. இறங்க மனமே வரவில்லை.

“இதுதாம்ப்பா. இதுல முதுகு வலிக்கவே இல்ல.”

எனக்கு எந்த மெத்தையிலும் முதுகு வலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “சார், முதுகுக்குன்னா கெட்டியானதா எடுங்க. புள்ள கனம் வேற, தங்கச்சி கனம் வேற.”

அப்பாவுக்கு அது ஏறவில்லை. ஊரில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் விருந்தாளிக்கு விரிக்கும் இலவம்பஞ்சு மெத்தை. புதிதில் மெத்துமெத்தென்று இருக்கும். நாளாக நாளாகப் பஞ்சு கட்டிதட்டிக் கல்லாகும். பிறகு ஆள் கூப்பிட்டு, பிரித்து அடித்துத் தைப்போம். அதனால் எங்கள் வீட்டு ஞானப்படி கெட்டியான மெத்தை என்றால் செத்த மெத்தை. அம்மாவும் அதே கட்சி. விற்காத சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அப்பா அவள் காதில் சொன்னார். அந்த மனிதர் அப்போதும் முகம் சுளிக்கவில்லை.

“சரி சார், பாப்பா சொன்னதையே எடுங்க. ஒரு வாரம் பிளாஸ்டிக் உறையைக் கழட்டாமப் படுத்துப் பாருங்க. தோதுப்படலேன்னா மாத்தித் தர்றேன். மெத்தையில ஒரு கீறல் மட்டும் இருக்கக் கூடாது.”

மெத்தை வீட்டுக்கு வந்தது. பாயைச் சுருட்டி, கயிறு கட்டி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள் அம்மா. அந்த மாதம் அப்பாவுக்கு நைட் டியூட்டி. பகலெல்லாம் அவர் அந்த மெத்தையில் குறட்டை விட்டார். எனக்கோ ஒரே ஒரு கவலைதான். உள்ளே முனகுவது எது? காதை வைத்துக் கேட்டேன். குத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், அப்பா டியூட்டிக்குக் கிளம்பிப் போய், அம்மா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்த நேரத்தில், அப்பாவின் சவர பிளேடை எடுத்து மெத்தையின் ஒரு மூலையைக் கீறிவிட்டேன். முதலில் பிளாஸ்டிக், பிறகு பூப்போட்ட துணி, பிறகு அழுக்கு வெள்ளையில் பஞ்சு. விரலை உள்ளே விட்டுத் துழாவியபோது சில்லென்று ஒரு கம்பிச் சுருள் தட்டுப்பட்டது. கண்டுபிடித்துவிட்டேன்! அந்தச் சந்தோஷம் தீர்ந்த பிறகுதான், ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. விரிப்பை இழுத்து ஓட்டையின் மேல் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பாவாக உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, டீ குடித்துக்கொண்டே அப்பா கேட்டார். “என்ன, மெத்தை எப்படி? மாத்தணும்னா இன்னைக்கே சொல்லு. அவர் சொன்ன ஒரு வாரம் இன்னையோட சரி.”

அம்மா அப்போது விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். என்னமோ சொல்ல வாயெடுத்தவளின் கை அந்த மூலையில் நின்றது. லேசாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஓடாத மின்விசிறியைப் பார்த்தேன். போன மாதம் ரேடியோவின் குமிழைத் திருகி உடைத்ததற்கு அப்பாவிடம் வாங்கிய அறை இன்னும் காதுக்குள் இருந்தது.

“எதுக்கு மாத்தணும்? ரொம்ப நல்லாருக்கு” என்றாள் அம்மா. “பாப்பா சரியாத்தான் பாத்திருக்கா.”

“பாத்தியா! கடைக்காரர் என்னமோ அளந்தாரே” என்று அப்பா என் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பார்த்தால் ஓட்டை நீல நூலால் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அடி வாங்காமல் தப்பித்தேன், அம்மா நல்லவள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த விசித்திரம் கண்ணில் பட்டது. மெத்தை வந்ததிலிருந்து என் கை வழவழவென்று இருந்தது. அப்பா கையும் அப்படித்தான். அம்மாவின் முழங்கைக்குக் கீழே மட்டும் காலையில் அதே வரிவரியான கோடுகள். நான் தூங்கும்வரை பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுப்பாள். நான் கண் விழிக்கும்போது அடுப்படியில் நிற்பாள். ஒரு கை தோசையைத் திருப்பும், மறு கை இடுப்பைப் பிடித்திருக்கும்.

“ஏம்மா உனக்கு மட்டும் கோடு இருக்கு?”

“அதுவா...” என்று கையைப் பார்த்துக்கொண்டாள். “பழைய கோடுடீ. போகப் போகச் சரியாயிடும்.”

நம்பிவிட்டேன். நியாயமாகத்தானே இருக்கிறது? நான் ஏழு வருஷம் பாயில் படுத்தவள், எனக்குச் சீக்கிரம் போய்விட்டது. அம்மா எத்தனையோ வருஷம் படுத்தவள், அவளுக்கு உள்ளே இறங்கியிருக்கும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற பாயின் கயிறு ஒரு நாள் மேலே கட்டியிருக்கும், ஒரு நாள் கீழே. கம்பியைத் தேடி மெத்தையையே கிழித்த எனக்கு, அந்தப் பாயைப் பார்த்து ஒரு கேள்வியும் எழவில்லை.

வைத்தியத்தை நானே ஆரம்பித்தேன். தினமும் பள்ளிக்கூட பஸ் வருவதற்கு முன்னால் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நிற்பேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, கையை நீட்டுவாள். நான் சாயங்காலம் திரும்பி வரும்போது கோடுகள் இருக்காது. “பாத்தியா, போயிடுச்சு!” என்று குதிப்பேன். “ஆமாங்க டாக்டரம்மா” என்பாள்.

அடுத்த நாள் காலையில் கோடுகள் திரும்பவும் வந்திருக்கும். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி அழுத்தித் தேய்ப்பேன்.