மார்கழியில் லொறி ஏறின தையல் மெசின்கள்

இதை எழுதுவதற்குப் பத்து வருசம் தயங்கினேன். வாரா வாரம் இந்தப் பேப்பர் பத்தியில் மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன், பஸ் வராததைப் பற்றி எழுதியிருக்கிறேன், அடுத்தவன் செய்த பிழைகளை ஆசை தீர எழுதியிருக்கிறேன். என் பிழை ஒன்று மட்டும் பேனாவில் ஏற மாட்டேன் என்று நின்றது. என்ன செய்ய... பேனாவும் என்னுடையதுதானே!

போன கிழமை எங்கள் புளியங்கூடல் கூட்டுறவுச் சங்கக்கடையில் வரிசையில் நின்றேன். ரேடியோவில் வரவு செலவுத் திட்டம் போய்க்கொண்டிருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கக் காசு ஒதுக்கியிருக்கிறார்களாம். கேட்டவுடன் எனக்கு முன்னால் நின்றவர் சிரித்தார்.

"ஒதுக்குவினம், பிறகு தாங்களே விழுங்குவினம். எங்கட தையல் வகுப்புக்கு நடந்தது தெரியும்தானே?"

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், இருந்த உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் ஊர்க் காசை ஏப்பம் விட்ட கதை. இப்போது அந்தக் கதையில் அவர் அந்தக் காசில் கல்வீடும் கட்டிவிட்டார்! நான் சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கதை முதன்முதலில் புறப்பட்டது என் வாயிலிருந்து.

அப்போது நான் ஊர் முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைவர். பெண்களுக்குத் தையல் பழக்க அரசாங்கம் காசு ஒதுக்கியது. ஆறு மெசின், ஒரு ரீச்சர், பழகுகிறவர்களுக்குச் சிறு உதவிப்பணம். பதினைந்து பெண்கள் பெயர் கொடுத்தார்கள். முதலாவதாக வந்தவள் தவமணி. அவள் புருசன் தெற்கே கடையொன்றில் வேலைக்கு நின்றவர். மூச்சு இழுப்பு வருத்தம் முற்றி, வேலையை விட்டு வந்து வீட்டில் படுத்திருந்தார். இரண்டு பிள்ளைகள். அந்த வகுப்பை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை.

அந்தக் கச்சேரி உத்தியோகத்தர் கார்த்திகை மாதம் சைக்கிளில் வந்தார். பின்னால் லொறியில் வந்த மெசின்களை வாசிகசாலையில் இறக்குவித்தார். போகும்போது வாசல் படலையடியில் நின்று சொன்னார்:

"ஐயா, இது இந்த வருசக் காசு. டிசம்பர் முப்பத்தொண்டுக்கு முதல் வகுப்புத் துவங்க வேணும். இல்லாட்டி அரசாங்கத் திறைசேரிக்குத் திரும்பிப் போயிடும். பிறகு ஒருதராலும் எடுக்க ஏலாது."

ஓம் ஓம் என்றேன். மெசின்களுக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். பஞ்சாங்கத்தையும் எடுத்தேன்.

முதல் பார்த்த நாள் அட்டமி. அடுத்த நாள் நவமி. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை. நல்லதாக ஒரு நாள் அகப்பட்டது — அன்றைக்குப் பார்த்து வாசிகசாலைக்குள் வெள்ளம்! வெள்ளம் வடிய மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? தைப்பொங்கல் கழியத் திறப்பதாக அழகான எழுத்தில் கச்சேரிக்குக் கடிதம் போட்டேன்.

என் மனைவி குசினிக்குள் அடுப்படியில் நின்றே கேட்டாள். "இஞ்சருங்கோ, மார்கழி எண்டு தவமணியின்ர பிள்ளையளுக்குப் பசி வராதே?"

உனக்கு இதெல்லாம் விளங்காது என்றேன். விடிய எழும்பிக் கோயிலுக்குப் போனேன். ஒரு நாள் கூடத் தவறவில்லை.

தை பிறந்தது. லொறியும் வந்தது. மெசின்கள் நான் வைத்த சந்தனப் பொட்டோடேயே ஏறி மண்டைதீவுக்குப் போயின. அங்கே மார்கழியிலேயே வகுப்புத் தொடங்கிவிட்டார்களாம். அரசாங்கத்தின் பஞ்சாங்கத்தில் கெட்ட நாள் ஒன்றே ஒன்றுதான் — டிசம்பர் முப்பத்தொன்று. அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

பெண்கள் வந்து கேட்டார்கள். தவமணி முன்னுக்கு நின்றாள். என்ன சொல்ல? "கச்சேரிக் கந்தோர்க்காரர் எங்கட காசை விழுங்கிப்போட்டு, மெசினை மண்டைதீவுக்கு அனுப்பிப்போட்டினம் பிள்ளை" என்றேன். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு சொன்னேன்.

தவமணி விடவில்லை. மண்டைதீவு வகுப்புக்கே பெயரை மாற்றிக்கொண்டாள். விடிய பஸ் ஏறி, விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வருவாள். ஆறு மாதம். இன்றைக்கு ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை அவள் தைத்ததுதான். மற்றப் பதினாலு பேரும் போகவில்லை. போக வசதியும் இல்லை.

சங்கக்கடையிலிருந்து வந்த எனக்குப் பூசையில் மனம் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலால் வந்த கையோடு தவமணி வீட்டுக்குப் போனேன். அவள் விறாந்தையில் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மெசின் நின்றது.

அழுவாளோ, ஏசுவாளோ என்று பார்த்தேன். அவள் வேறொன்றை யோசித்தாள்.

"அண்ணை, உந்த ஆறு மாசமும் பஸ்ஸுக்குள்ள இருந்து நான் அந்த உத்தியோகத்தரை எவ்வளவு திட்டினனான் தெரியுமே? அவற்ர பிள்ளை குட்டியையும் சேர்த்தெல்லே திட்டினனான். பாவம், ஒண்டும் அறியாத மனிசன்."

"என்னைத் திட்டு பிள்ளை."

"உங்களைத் திட்டி என்ன, அது எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும். ஊர் இன்னும் அந்த மனிசனைத்தானே திட்டுது. உங்களுக்குப் பேப்பர் இருக்குது. எழுதுங்கோவன்."

சொல்லிவிட்டு மெசினை மிதிக்கத் தொடங்கினாள். எழும்பிப் போ என்பதற்கு அதைவிட மரியாதையான வழி இல்லை.

எழுதிவிட்டேன். மார்கழியை நான் குறை சொல்லவில்லை. வருகிற மார்கழியிலும் விடிய எழும்பிக் கோயிலுக்குப் போவேன். ஆண்டவன் அந்த மாதத்தைத் தன்னை நினைக்கத் தந்தான். தன் பிள்ளைகளை மறப்பதற்காகத் தரவில்லை. இது எனக்குப் பத்து வருசம் பிந்தித்தான் விளங்கியது.

வாசகர்களே, இதைச் சங்கக்கடையில் சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள், தெற்கே கடை வைத்திருக்கிற உறவுக்காரருக்கும் எழுதுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். நல்ல மனிசன், தெரியாமல் செய்துபோட்டார் என்று இரக்கப்பட்டு ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.

முப்பத்தோராந் திகதிதான் கடைசி நாள் என்பது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும்.