யாளிக்கு இரண்டாவது கண்

படம் எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: யாளிக்கு ரெண்டு கண்ணுங்க. கேட்டவர் முழிப்பார். யாளி என்றால் இரண்டு கண் இருக்கத்தானே செய்யும், இந்த ஆளுக்கு என்ன கோளாறு என்று டீயைக் குடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். நாவலைப் படித்தவர் மட்டும், “அடப்பாவிகளா!” என்று டம்ளரைக் கீழே வைப்பார்.

நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதை நேசிக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நேசிக்காதவர்கள், “அதுங்களா, தலகாணி கனத்துக்கு இருக்குமே” என்பார்கள். மூன்று பாகம். பனியன் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்த புதிதில், வேலம்பாளையத்து நூலகத்தில் எடுத்து, மதியச் சோற்றைக் கூட மறந்து படித்தது. இருள் நாட்டு ஆற்றைக் கடக்கப் போகும் ஒரு பரிசல்காரன் மகள். அவளுக்கு வழி தெரியவேண்டும் என்பதற்காக, உலகத்தின் கடைசி யாளி தன் ஒரு கண்ணைப் பிடுங்கிக் கொடுக்கும். அந்தக் கண் பரிசலில் விளக்காகத் தொங்கும். அதற்குப் பிறகு யாளி ஒரு பக்கம் தெரியாமல், மரத்திலும் பாறையிலும் முட்டிக்கொண்டே அவள் பின்னால் வரும். அது முட்டும் இடமெல்லாம் எனக்கு வலிக்கும். இன்றைக்கும் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவேன்.

“எங்கப்பன் செத்தப்போ இதுல கால்வாசி அழுதிருந்தீங்கன்னா ஊர்ல நல்ல பேராவது கெடச்சிருக்குமுங்க” என்பாள் என் மனைவி.

அந்த நாவலைப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் ஒரு சபதம் எடுத்தேன். முன்னோட்டம் பார்ப்பதில்லை. பாட்டுக் கேட்பதில்லை. தியேட்டரில் யாளியை முதன்முதலாகப் பார்த்து அங்கேயே அழவேண்டும். ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்; அதில் யாளி பக்கவாட்டில் நின்றது. பக்கவாட்டில் நின்றால் யாருக்கும் ஒரு கண்தான் தெரியும். இந்தச் சின்ன விஷயம் அப்போது என் மண்டைக்குள் ஏறவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மச்சினனுக்கு அந்த ஆர்டர் வந்தது. மனைவியின் தம்பி. பல வருஷம் யார் யார் கம்பெனியிலோ சூப்பர்வைசராக இருந்துவிட்டு, சேவூர் ரோட்டில் ஒரு தகரச் செட்டை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாகத் தையல் யூனிட் போட்டிருந்தான். அவன் பெயரில் வந்த முதல் ஆர்டர், இந்தப் படத்துக்கான பனியன். நெஞ்சில் பெரிய யாளி முகம். இது நல்லபடியாகப் போனால் அடுத்தது வரும். திரும்பி வந்தால் அவன் மறுபடியும் யாருக்காவது சூப்பர்வைசர். பிரிண்ட் அடிக்கும் வேலையை நம்பி என் பட்டறைக்குக் கொடுத்தான்.

எங்கள் தொழிலில் வேதம் ஒன்றுதான். அங்கீகாரம் வாங்கிய சாம்பிளில் என்ன இருக்கிறதோ அதுவே மொத்தச் சரக்கிலும் இருக்கவேண்டும். சாம்பிளில் ஒரு நூல் கோணலாக இருந்தால் அத்தனை பனியனிலும் அந்தக் கோணல் இருக்கவேண்டும். சாம்பிள் அடித்த அன்று நான் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் இருந்தேன். மேஸ்திரியே அடித்து அனுப்பி, ஆர்டர் கொடுத்த சென்னைக்காரர்கள் சரி என்றுவிட்டார்கள்.

மொத்தமாக அடிக்கிற அன்றைக்குத்தான் ஸ்கிரீனைப் பார்த்தேன். ஸ்கிரீன் என்றால் சாயம் இறங்கும் வலைத்துணி கட்டிய சட்டம்; ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. கறுப்புக்கு, வெள்ளைக்கு, கடைசியாக மஞ்சளுக்கு. மஞ்சள் ஸ்கிரீனில் கண்களைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். இரண்டு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பாவம், படம் வரைந்தவன் நாவலைப் படிக்கவில்லை. பனியன் வெளியே போனால் ஊரே சிரிக்கும். படம் எடுத்தவர்களின் மானம் இப்போது என் கையில் இருக்கிறது. முன்பு ஒருமுறை வெளிநாட்டுக் குழந்தைகள் சட்டையில் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லி, நன்றி என்று பதில் வாங்கியவன் நான். அந்தத் திமிர் இன்னும் உடம்பில் இருந்தது. பழுப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து இடது கண்ணின்மேல் ஒட்டினேன். அடைத்த இடத்தில் மஞ்சள் இறங்காது. யாளி ஒற்றைக் கண்ணனாகிவிடும்.

“சாம்பிள்ல ரெண்டு இருந்துச்சுங்களே” என்றார் மேஸ்திரி.

“சாம்பிள் தப்புங்க. நான் நாவல் படிச்சிருக்கேன்.”

“சரிங்க.”

எங்கள் ஊர் ‘சரிங்க’வுக்கு, இனி நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று பொருள். எனக்கு அது அப்போது பாராட்டு மாதிரிக் கேட்டது.

வெள்ளிக்கிழமை படம். திங்கட்கிழமை சரக்கைப் பார்க்கச் சென்னைக்காரர்களின் ஆள் வருவார், அவர் சரி என்றதும் லாரி. முதல் காட்சிக்கு மனைவி, மச்சினன், நான் மூவரும் போனோம். என் சட்டைப்பையில் புதுக் கைக்குட்டை, அழுவதற்கு.

கைக்குட்டை மடிப்பு கலையாமல் வீடு திரும்பியது. பரிசல்காரன் மகளை இளவரசியாக்கியிருந்தார்கள். ஆற்றில் விழுந்து எழுந்தாலும் அவளுக்கு உதட்டுச்சாயம் அழியவில்லை. பரிசலைக் காணோம், மூன்று மாடிக் கப்பல் ஒன்று வந்தது. நாவலில் இல்லாத ஒரு கதாநாயகன், சட்டை போடாமல், நாவலில் இருக்கிறவர்களையெல்லாம் அடித்தான். நான் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தேன். முன்வரிசைக்காரர் திரும்பி, “ஏனுங்க, பல்லி புகுந்துருச்சுங்களா?” என்று கேட்டார்.

யாளி வந்தது. புகைக்குள், பக்கவாட்டில். பிறகு இருட்டில், முதுகு. பிறகு நேராகத் திரும்பியது. இரண்டு கண். ‘ஆற்றங்கரை இன்னும் வரவில்லை, அங்கேதான் ஒன்றைக் கொடுக்கும்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதுவரை அந்தப் படத்தை ஒரு வாசகனாகத் திட்டிக்கொண்டிருந்தவன், அந்த நிமிஷத்திலிருந்து பிரிண்ட் அடித்தவனாகப் பயப்பட ஆரம்பித்தேன்.

இடைவேளையில் மனைவியைத் தனியாக ஓரங்கட்டினேன்.

“அம்மிணி, ஒரு சின்னப் பிரச்சனை. யாளிக்கு ஒரு கண்ணு போகலீன்னா உந்தம்பிக்கு ஆர்டர் போயிரும்.”

டேப் கதையைச் சொன்னேன். பப்ஸைக் கடித்தவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

“ஏனுங்க, உங்களைப் பிரிண்ட் அடிக்கச் சொன்னாங்களா, கண்ணாஸ்பத்திரி நடத்தச் சொன்னாங்களா?”

இடைவேளைக்குப் பின் நான் படம் பார்க்கவில்லை, பிரார்த்தனை செய்தேன். பழனிக்கு நடந்து வருகிறேன் முருகா, அந்தக் கண்ணைக் கொடுக்க வை. ஆற்றங்கரை வந்தது. இருட்டு. யாளி அவளை நெருங்கியது. நாவலில் உலகமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். யாளி தலையைத் தூக்கியது. அதன் இரண்டு கண்ணிலிருந்தும் நெருப்பு பீய்ச்சியடித்தது. ஆறு பட்டப்பகலாக மாற, கரையில் ஐம்பது பேர் ஆடத் தொடங்கினார்கள்.

தியேட்டரே விசில் அடித்தது. மச்சினன் மட்டும் அடிக்கவில்லை. மெதுவாக என் பக்கம் சாய்ந்தான்.

“மாமா, நம்ம பனியன்ல ஒரு கண்ணுதானுங்களே?”

“இருட்டுல என்ன மாப்ள பேச்சு, படத்தைப் பாரு.”

“படத்தைப் பாத்துத்தானுங் மாமா கேக்கறேன்.”

வெளியே வந்ததும் அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். “நீங்க படிச்சவீங்க மாமா. நாந்தானுங்க படிக்காதவன், உங்களை நம்பீட்டனுங்க. நீங்க போயிச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரியையும் அந்த மஞ்சள் ஸ்கிரீனையும் ஏற்றிக்கொண்டு அவன் யூனிட்டுக்குப் போனேன். நான் அடித்தது தைப்பதற்கு முன், வெட்டிய துணித்துண்டுகளில். அவை இப்போது தைத்து, அயர்ன் பண்ணி, பெட்டிக்குள் பனியனாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சாயம் முதுகுப் பக்கம் ஊறாமல் உள்ளே ஒரு அட்டையைச் செருகி, மேசையில் விரிக்கவேண்டும். அட்டை செருகும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். மச்சினன் விரித்தான். என் பக்கம் திரும்பவில்லை.

இடது கண்ணிலிருந்து டேப்பை உரித்து வலது கண்ணில் ஒட்டினேன்; இனி விடுபட்ட கண் மட்டும் விழும். அவ்வளவுதான் வேலை. சாயத்தை இழுக்கும் ரப்பர் கட்டையைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். டைரக்டர் செய்தது அவர் கையால். இதை என் கையால் செய்யவேண்டும்.

“என்னுங்க?” என்றாள் மனைவி.

“இல்ல அம்மிணி, அது ஆசையாக் குடுத்த கண்ணு…”

“அது குடுத்தது அந்தப் புள்ளைக்கு. நீங்க புடுங்குனது எந்தம்பிகிட்ட. இழுங்க.”

இழுத்தேன். தைத்த பனியன், வெட்டிய துணி மாதிரி அடங்கிப் படுக்காது. இப்படி இழுத்தால் அப்படிப் போகும். முதல் யாளி கூரையைப் பார்த்தது. அடுத்தது தன் அக்குளைப் பார்த்தது. ஒன்று சாட்சாத் எங்கள் பெரிய மாமனார் மாதிரியே பார்க்க, மச்சினன் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மோசமானதை ஒதுக்கி, மற்றவற்றைக் காயவைத்து, மறுபடியும் அயர்ன் போட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்துப் பெட்டிக்குள் அடைத்தோம். அடிக்க அடிக்க வாயும் சும்மா இல்லை. டைரக்டரை, வசனகர்த்தாவை, அந்த ஐம்பது பேரை ஒருவர் விடாமல் திட்டினேன். டீக்கடையிலும் திட்டினேன். அந்தப் படத்துக்கு யாரும் போகக்கூடாது என்று போனில் அழைத்து அழைத்துச் சொன்னேன்.

திங்கட்கிழமை சரக்கைப் பார்க்க வந்தவர் தெற்கத்திக்காரர், இளவயசு. சாம்பிளை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்த பெட்டியைக் காட்டித் திறக்கச் சொன்னார். அளந்தார், தையலை இழுத்துப் பார்த்தார், திருப்தி. கடைசியாக ஒன்றை உருவினார். ஒதுக்கியதில் தப்பித்த யாளி. ஒரு கண் அவரைப் பார்த்தது, இன்னொன்று வாசலில் நின்ற லாரியைப் பார்த்தது.

“என்ன அண்ணாச்சி, பார்வ ஒரு மாதிரில்லா இருக்கு?”

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

“படத்துல அது அப்படித்தானுங்க பாக்கும். கோவம் வந்தா.”

“அப்படியா? நான் இன்னும் படம் பாக்கல. எப்படி இருக்கு?”

செட்டுக்குள் எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். இரண்டு நாளாக நான் திட்டியதைக் கேட்டு, மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். மச்சினன் கண்ணாலேயே என்னைக் கும்பிட்டான்.

“அருமையான படங்க.”

“நாவல விட நல்லா இருக்குன்னு சொல்லுதாவ?”

மனைவி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

“ஆமாங்க,” என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நாவல் கொஞ்சம் இழுவைங்க.”

“அப்ப இன்னைக்கே பாத்துர வேண்டியதுதான்” என்று சிரித்தபடி, அந்த யாளியை மடித்துப் பெட்டியில் மேலாக வைத்தார். “பெட்டிய ஒட்டிருங்க அண்ணாச்சி.”

டேப் என் கையில்தான் இருந்தது. அதே பழுப்பு டேப். பெட்டிக்குள்ளிருந்து யாளி, ஒரு கண்ணால் மட்டும், சரியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கொடுத்த கண்ணா, விட்டுவைத்த கண்ணா என்று குனிந்து பார்க்கத் தைரியமில்லை. மூடி, ஒட்டினேன்.