அருவருப்புக்கு நாலு சொல் தெரிந்தவள்

இந்த வருஷத் திருநாள் மலரில் ஊரில் வாழ்கிற ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பங்குச் சுவாமி சொன்னார். யாரைப் பற்றி என்று கேட்டபோது கூட்டத்தில் எல்லாரும் யூஜினி என்றார்கள். யார் எழுதுவது என்று கேட்டபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் கண்டக்குழி ஊரில் யூஜினியைப் பார்த்து வயிறெரிகிறவள் யார் என்று கேட்டிருந்தாலும் என்னைத்தான் பார்த்திருப்பார்கள். சரி, எழுதுகிறேன்.

யூஜினி என்னைவிட மூன்று வயது இளையவள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கருவாடு காயப்போட்டாள், தோமஸைக் கலியாணம் கட்டினாள். தோமஸுக்கு முதுகு போய்ப் படுத்த பிறகு ஏஜென்சி மூலம் இஸ்ரேலுக்குப் போய், ஹைஃபா என்ற ஊரில் ஒரு கிழவியை ஒன்பது வருஷம் பராமரித்தாள். கிழவி செத்ததும் திரும்பி வந்தாள். கொண்டுவந்தது ஒரு பெரிய பிரிட்ஜ், பாதி நரைத்த தலை, ஹீப்ரு பாஷை. பிரிட்ஜ் என்னிடமும் இருக்கிறது. அந்தப் பாஷைதான் என்னைச் சுட்டது.

ஏனென்றால் அதுவரை வெளிநாட்டுக்காரரோடு கதைக்க ஊரில் நான் ஒருத்திதான். உயர்தரத்தில் ஆங்கிலம் எடுத்துப் பாஸ் பண்ணியவள். அருமைநாயகம் அண்ணனின் லொட்ஜில் ஆறு வருஷமாகச் சமைக்கிறேன். காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிறவர்கள், என் நண்டுக் குழம்பைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். அவர்கள் எழுதுவதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான்.

போன வருஷம் இஸ்ரேல்காரர் கூட்டமாக வரத் தொடங்க, அண்ணன் யூஜினியை வேலைக்கு எடுத்தார். அவள் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்வாள். முறுக்கேறிய பெடியன்கள் அப்படியே அவளைச் சுற்றி நின்றுவிடுவார்கள். காலையில் பாண் வெட்டிக்கொண்டே நான் அதைப் பார்ப்பேன். வீட்டுக் கதை, காதல் கதை எல்லாம் அவளிடம்தான். என் குழம்பைத் தின்றுவிட்டு அவளுக்கு நன்றி சொல்வார்கள். எரியுமா, எரியாதா?

அதற்குள் அண்ணன் ஒரு கதையை விட்டார். அடுத்த காற்றுக் காலத்துக்குக் குசினியைப் பெரிதாக்கப் போகிறாராம். இரண்டு பேரில் ஒருத்தியிடம் முழுப் பொறுப்பும், சாமான் அறைச் சாவியும் கொடுப்பாராம். ஆறு வருஷம் அடுப்படியில் வெந்தவள் நான். வந்து ஆறு மாதம்கூட ஆகாதவளோடு என்னை ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறாரே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹீப்ருவை நானும் படித்துவிட்டால் என்ன? யூஜினியிடம் போய்க் கேட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் நாள் அவள் தந்த நாலு சொல்லும் அருவருப்புக்கான சொற்கள்.

இக்சா. நாங்கள் 'சீ' என்கிற இடத்தில் வருவது. ஆங்கிலத்தில் 'யக்' என்று பக்கத்தில் எழுதினேன். மகீலா. பார்த்தாலே ஓங்காளம் வருகிற பொம்பிளையைச் சொல்வது. அதற்கு 'டிஸ்கஸ்டிங்' என்று எழுதினேன். ஷெக்கெட்ஸ், தோஏவா இரண்டும் வேதாகமத்தில் உள்ளவை. முதலாவது தின்னக்கூடாத அசுத்த சீவன்களுக்கு. மற்றது செய்யவே கூடாத காரியத்துக்கு. எங்கள் தமிழில் இரண்டையும் அருவருப்பு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

"செட்டையும் செதிளும் இல்லாத கடல் சீவன் எல்லாம் ஷெக்கெட்ஸ்தான் அக்கா. எங்கட நண்டு, இறால், கணவாய் எல்லாம்" என்றாள்.

நண்டு விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த என்னிடம் சொல்கிற கதையா இது? கொப்பியை மூடினேன்.

"டிஸ்கஸ்ட் எண்ட சொல்லுக்குள்ள ருசி எண்டுதான் கிடக்கு. நாக்குக்குப் பிடிக்காததுதான் அது. அகராதியில இருக்கு" என்று என் படிப்பையும் கொஞ்சம் காட்டினேன்.

"கிழவியிட்ட நான் கேட்டது நாக்கில இருந்து வரேல்ல அக்கா" என்றாள்.

"அது கிடக்கட்டும். நன்றி, ருசி, வாங்கோ எண்டதுகளைச் சொல்லித் தாவன்."

"தாறன். எனக்கு முதல் வந்தது இந்தச் சொல்லுகள்தான். அதால சொன்னன்."

நல்லதையெல்லாம் தனக்கு வைத்துக்கொண்டு ஊத்தையை எனக்குத் தள்ளுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் ஒரு இஸ்ரேல் பெண் தன் தாயோடு வந்தாள். தாய்க்கு எண்பது வயதிருக்கும், கண் மங்கல், கை நடுக்கம். யூஜினி குசினிக்குள் வந்தாள்.

"அக்கா, அந்த அம்மாவுக்கு மீன் மட்டும் வையுங்கோ. நண்டு அவ சேர்க்கமாட்டா."

போன கிழமை வந்த பெடியன்கள் அதே நாட்டுக்காரர்தான். இரண்டு கிலோ இறாலை ஓடு மட்டும் மிஞ்சத் தின்றார்கள். இந்த அம்மாவுக்கு மட்டும் என்ன? என் கைப்பக்குவம் மேசைக்குப் போகக்கூடாது என்று பார்க்கிறாள். அப்படித்தான் முடிவுகட்டினேன். எங்கள் பக்கம் வந்தவருக்கு முதல் சாப்பாட்டில் நண்டின் பெரிய காலை உடைத்து, சதையை எடுத்துச் சோற்றுக் கோப்பையில் வைப்போம். வேணுமா என்று கேட்கமாட்டோம். கேட்டால் கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். நானும் கேட்கவில்லை. யூஜினி தண்ணீர் எடுக்கப் போன நேரம், சதையைச் சோற்றோரம் வைத்துக் குழம்பை ஊற்றினேன்.

அந்த அம்மா தின்றார். தலையை ஆட்டி ஆட்டித் தின்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இது என்ன மீன் என்று மகள் கேட்டாள். "கிறாப்" என்று நானே உரக்கச் சொன்னேன்.

மகள் தாயிடம் மெல்ல ஏதோ சொன்னாள். அந்த அம்மாவின் கை வாய்க்குப் போனது. அடுத்த கணம் எல்லாவற்றையும் தன் வெள்ளைச் சட்டையிலேயே கக்கிவிட்டார். "மகீலா, மகீலா" என்று அழுதார். நான் படித்த சொல். என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குக் காது சூடேறியது. மேசையில் இருந்தவர்கள் கதிரையை இழுத்துக்கொண்டு விலகினார்கள். என் கை தானாக என் மூக்கைப் பொத்தியது.

யூஜினி ஓடி வந்தாள். துணி தேடவில்லை. முழங்காலில் நின்று வெறுங்கையால் அந்த மடியை வழித்தாள். வழித்துக்கொண்டே "யஃபா, யஃபா" என்றாள். சாமியைக் கும்பிடுகிற மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த அம்மாவின் அழுகை மெல்ல இறங்கியது. மகளும் யூஜினியும் அவரை அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

பிறகுதான் அருமைநாயகம் அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு யூஜினியைப் பிடித்தார்.

"அவங்கட பழக்கம் தெரியும் எண்டுதானே உன்னை எடுத்தனான். நண்டு மேசைக்கு வரும்வரை என்ன பார்த்துக்கொண்டு நிண்டனீ?"

யூஜினி என்னை ஒருதரம் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன்.

"பிழைதான் அண்ணே" என்றாள்.

சாவி அன்று பின்னேரமே என் கைக்கு வந்தது. யூஜினியைத் துணி தோய்க்கிற பக்கம் போட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கிணற்றடியில் அவள் அந்த வெள்ளைச் சட்டையை அலசிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அந்த மனிசி என்னை அப்பிடிச் சொல்லிப்போட்டுதே" என்றேன்.

"உங்களை இல்ல அக்கா. தன்னைத்தான் சொன்னவ. என்ர கிழவியும் அப்பிடித்தான். பம்பர்ஸ் மாத்தேக்க நாலு சொல்லையும் மாறி மாறிச் சொல்லும். என்னைத்தான் ஏசுது எண்டு நான் ஒரு வருஷம் அழுதனான். பிறகு கிழவியின்ர மகள்தான் சொன்னவ, அம்மா தன்ர உடம்பைச் சொல்லுறா எண்டு."

"யஃபா எண்டால்?"

"வடிவானவள். அதுக்குப் பிறகு நான் படிச்ச முதல் சொல் அதுதான்." சட்டையைப் பிழிந்தாள். "எல்லாரும் விலகினதை அந்தக் கண்ணாலயும் அவ பார்த்தவ அக்கா. நீங்கள் மூக்கைப் பொத்தினதையும்."

அதிலே கோபம் இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பியிருப்பேன்.

அந்த அம்மா போகும் நாளில் சமையல்காரியான என்னைத் தாண்டிப் போனார். துணி தோய்க்கிற பக்கம் தடவித் தடவி நடந்து போய், யூஜினியின் ஈரக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார். அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அப்படி ஒரு கை எனக்கு இல்லையே என்று.

யூஜினியின் வாழ்க்கை இவ்வளவுதான். திருநாள் மலரை அருமைநாயகம் அண்ணன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார். அண்ணே, நண்டை வைத்தது நான். வைக்காதே என்று அவள் சொல்லியும் வைத்தேன். சாவியை நான் கழற்றிவிட்டேன், சாமான் அறைக் கதவில் ஆணியில் தொங்குகிறது.