சின்னவர்தான் வேணும்

செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் ஒதுக்கிவிட்டு, கைப்பையிலிருந்து கணவரின் பழைய சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ரத்தினபாய் கம்ப்யூட்டரைத் தொடுவார். எண்பதுகளின் கடைசியில் கிண்டியில் அவருக்கு முதல் வேலை. ஆபீசுக்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் தனி ஏசி ரூம், வாசலில் செருப்பு ஸ்டாண்டு. ஸ்டாண்டும் போச்சு, அந்த ரூமும் போச்சு, இவர் மட்டும் இன்னும் கழற்றுகிறார். கேட்டால், "உள்ள போறோம்ல வினோத்?" என்பார். எதற்குள்ளே என்றால், திரையைக் காட்டுவார்.

திரைக்குள் ஒரு முழுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நின்றுகொண்டிருக்கும். கிழக்குத் தாம்பரத்தில் எங்களுடையது தொழிற்சாலைக் குழாய்களை வடிவமைத்துத் தரும் சின்னக் கம்பெனி. நான் அங்கே பர்ச்சேஸ் பார்க்கிறேன். ரத்தினா மேடம் குழாய், ஏணி, கைப்பிடி, வால்வுச் சக்கரம் என்று போல்ட்டு வரைக்கும் முப்பரிமாணத்தில் கட்டி, மவுஸைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நடந்து போகிறவர். போகும்போது சர்ச் பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். படம் வழுக்கிக்கொண்டு திரும்பினால் பாட்டும் வழுக்கிக்கொண்டு போகும். படம் திக்கினால் பாட்டு பாதி வரியில் நிற்கும். பக்கத்து மேசைக்காரனான எனக்குத் திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அடக்கமான மனுஷி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். "என் மாடல்ல ஒரு பைப் இன்னொரு பைப்ப இடிச்சிருந்தா, என்னத் தூக்கி சிட்லபாக்கம் ஏரியில போட்டுடுங்க" என்று புதிதாகச் சேர்கிற எல்லோரிடமும் சொல்லிவைப்பார். ஏரியில் முழங்கால் தண்ணிதானே மேடம் இருக்கு என்று ஒருமுறை சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பேர்ப்பட்டவருக்கு 2008 டிசம்பரில் ஒரு தலைகுனிவு. சிறுசேரியில் கஸ்டமர் கம்பெனியின் மீட்டிங் ரூமில் மாடலை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பழைய லேப்டாப் பம்ப் ரூம் வாசல் வரை போய், அங்கேயே உறைந்து நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. கஸ்டமர் தரப்பு ப்ராஜெக்ட் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை பேப்பர்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்துடுங்கம்மா, எல்லாருக்கும் டைம் மிச்சம்" என்றார். திரும்பும் வழியில் மேடம், மேடவாக்கம் தாண்டியதும், "பேப்பராம்ல, பேப்பர்!" என்றார்.

எங்கள் முதலாளி சாம்பசிவன் புதிதாக ஒர்க் ஸ்டேஷன் லேப்டாப் வாங்கச் சம்மதித்தார். அதுவும் நின்றால் இனி எல்லா மீட்டிங்குக்கும் பேப்பர்தான் என்று கறாராகச் சொல்லியும்விட்டார். டீலர் இரண்டு லேப்டாப்பைக் கொடுத்து, வைத்து ஓட்டிப் பாருங்கள் என்றார். வெளியே இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், உள்ளே படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுதான் வேறு. இரண்டு கார்டுமே டிசைன் வேலைக்கென்று செய்தவை, இரண்டுக்கும் ஒரே விலை. ஒன்றில் ஒரு ஜிபி மெமரி என்று போட்டிருந்தது, இன்னொன்றில் அதில் பாதி. வந்த அன்றைக்கே மேடம் பேர் வைத்துவிட்டார்: பெரியவர், சின்னவர்.

நான் பெரியவர் கட்சி. சாம்பசிவன் சாரும் அதே கட்சி. ஒரே விலைக்கு இரண்டு மடங்கு தருகிறான், வேண்டாம் என்று எந்த மடையன் சொல்வான்?

மேடம் விளம்பரத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்ஸை மாட்டினார். தன்னுடைய மாடலை இரண்டிலும் ஏற்றி, நேராகப் பம்ப் ரூமுக்கே போனார். கம்பி வலைத் தரை, கைப்பிடி, வால்வு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும் இடம் அது. பெரியவரிடம் பாட்டு இரண்டாவது வரியிலேயே திக்கியது. ஒரு குழாயைத் தொட்டால் அதற்குப் பின்னால் இருந்த குழாய் மினுக்கென்று முன்னே வந்து நின்றது. வேலை நடக்கும் சைட்டில் மேசை ஏது என்று மடியில் வைத்தும் பார்த்தார். "யப்பா, இவருக்குக் காய்ச்சல்!" என்று இறக்கி வைத்தார். சின்னவரிடம் பாட்டு முதல் சரணத்தைத் தாண்டி, எனக்குத் தெரியாத இரண்டாவது சரணத்துக்கும் போய்விட்டது.

"சின்னவர்தான் வேணும் சார்."

சாம்பசிவன் சார் விளம்பரத் தாளை ஆட்டினார். "ஒரு ஜிபின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, ஏம்மா?"

"டீலர்கிட்ட கேட்டுட்டேன், அதுல கால்வாசிதான் சார் சொந்தம். மிச்சமெல்லாம் லேப்டாப்போட மெமரில இருந்து இரவல். இரவல் வாங்கப் போயிட்டு வர்ற நேரத்துலதான் படம் நிக்குது. சின்னவருக்கு இருக்கறது அத்தனையும் சொந்தம். நம்ம மாடல் சாஃப்ட்வேர் செஞ்ச கம்பெனிக்காரங்களே ஓட்டிப் பாத்து இவர் போதும்னு லிஸ்ட்ல போட்டிருக்காங்க."

"சிறுசேரில எத்தனை ஜிபின்னு கேட்டா?"

"என்கிட்ட கேக்கச் சொல்லுங்க."

"இதுவும் நின்னுடுச்சுன்னா?"

மேடம் யோசிக்கவே இல்லை. "நின்னா, நானே பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டு மறுபடி டிராயிங் போர்டுல போய் உக்காந்துக்கறேன். இனிமே மாடல் பேச்சே எடுக்க மாட்டேன்."

எனக்குப் பகீரென்றது. சும்மா சவடாலுக்குச் சொல்கிறவர் இல்லை அவர்; சொன்னால் செய்துவிடுவார்.

ஜனவரியில் மறுபடியும் சிறுசேரி. அதே மீட்டிங் ரூம், கால் புதையும் கார்ப்பெட், அதே மேனேஜர், அவர் காலில் முகம் பார்க்கலாம்போல் மின்னும் கறுப்பு ஷூ. ரத்தினா மேடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே வந்தார். வலது காலில் கட்டைவிரல் லேசாக எட்டிப் பார்த்தது. கஸ்டமர் பக்கத்து இன்ஜினியர்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, அப்புறம் கோபம் வந்தது. சிரிங்கடா, சிரிங்க.

பாட்டு தொடங்கியது. ஏணி ஏறி, குழாய் வரிசையின் ஓரமாக நடந்து, பம்ப் ரூம் வாசலுக்கு வந்தார். பாட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனது.

"அங்கயே நிறுத்துங்க," என்றார் மேனேஜர். "அந்த வால்வுக்குப் பின்னாடி ஸ்பேனர் போகுமா?"

மேடம் திரையில் சுவரை அப்படியே வெட்டி விலக்கி, வால்வைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். ஒரு குழாய்கூடத் துள்ளவில்லை. "போகும் சார். இடது கைக்காரனுக்கும் போகும்."

யாரும் எத்தனை ஜிபி என்று கேட்கவில்லை. இடித்துக்கொண்டவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இதைக் காட்டுங்க மேடம், அதைக் காட்டுங்க மேடம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் மேடம் என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல் எனக்கு இருந்தது. சாம்பசிவன் சார் என்னைப் பார்த்து, தானே ராத்திரி பகலாக உட்கார்ந்து சின்னவரைத் தேர்ந்தெடுத்ததுபோலத் தலையை ஆட்டினார்.

மேனேஜர் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒரு தடவை உள்ள போய்ப் பாக்கட்டுமாம்மா?" என்று மவுஸுக்குக் கையை நீட்டினார்.

ரத்தினா மேடம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து அவருடைய ஷூவைப் பார்த்தார்.

மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிடந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தார். அவர் குனிந்து இரண்டு ஷூவின் நாடாவையும் அவிழ்த்து முடிக்கும்வரை, மேடம் மவுஸின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.