வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று

சனிக்கிழமை காலை மாலதி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "இன்னைக்கு எந்த டிசைனுக்கு நான் பொம்மை, சொல்லுங்க" என்று எடுத்தவுடன் கேட்டேன். பேசியது அவருடைய அம்மா. "விடியக்காலையில போயிட்டாம்மா" என்றார். வாயாடி என்று பிரிக்ஃபீல்ட்ஸில் நம் அடுக்குமாடி முழுக்கப் பெயர் வாங்கிய நான், போனைக் கையில் பிடித்தபடியே அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். தோளளவு மட்டும் ஒன்று. அதனால் அவர் வரைந்த சட்டை மாதிரிக் காகிதங்கள் எல்லாம் முதலில் என் மேல்தான் ஊசி குத்தி அளந்து பார்க்கப்பட்டன. சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் குழாயை வலது தோளுக்குக் கீழே பொருத்திய பிறகு கடைச் சட்டை எதுவும் அவருக்குச் சரிவரவில்லை. அப்போதுதான் கிள்ளானில் அவருடைய தங்கையின் நிச்சயதார்த்தம் நெருங்கியது.

"வர்றவங்க எல்லாம் குழாயைப் பாத்துட்டு ஐயோ பாவம்னு சொல்லக்கூடாது லா. நான் யார்கிட்ட சொல்றேனோ அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார்.

சாதாரண டாப் ஒன்றின் பேட்டர்னை, அதாவது வெட்டு மாதிரிக் காகிதத்தை, எடுத்தார். மார்பு வளைவுக்காகப் பிடிக்கும் டார்ட் மடிப்பை மூடி, அந்தத் தளர்வை நடுவுக்குத் திருப்பினார். முன்பக்கத்தின் இரண்டு பாதிகளும் அங்கே ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டன. முறுக்கிலிருந்து தோளுக்கு ஏறிய மடிப்புகளுக்குள் குழாய் ஒளிந்துகொண்டது. வலது தோளில் அழுத்துப் பொத்தான்; நர்ஸ் அதைத் திறந்தால் போதும்.

"முறுக்கு நல்லாத்தான் இருக்கு, எண்ணெயைத்தான் காணோம்" என்றேன். ஊசியைக் காட்டினார். அடங்கினேன்.

பச்சைத் துணியில் தைத்துப் போட்டுப் பார்த்தால், பொத்தான் இடது தோளில் இருந்தது. காகிதத்தைப் புரட்டி வைத்து வெட்டிவிட்டிருந்தார். துணியும் மிச்சமில்லை. அக்கா கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பொத்தானைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு திரும்பி, "டயாலிசிஸ்ல பக்கத்து நாற்காலி சாந்தி ஆன்டிக்கு இடது பக்கம்தானே குழாய்?" என்றார்.

அந்தச் சட்டை பங்சாரில் சாந்தி ஆன்டியின் வீட்டுக்குப் போனது. அக்காவின் சட்டைக்காக அவர் அம்மாவின் பச்சைச் சேலை ஒன்று தியாகியானது. இம்முறை காகிதத்தில் பெரிதாக எழுதிக்கொண்டார்: "இந்தப் பக்கம் மேலே, கழுதை!" அந்தக் கழுதை நானில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

நிச்சயதார்த்தத்தில் அக்காவின் பெரியம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். "எந்தக் கடையில வாங்குன?"

"கடையில கிடைக்காது பெரியம்மா. பங்சார்ல ஒரு ஆன்டிகிட்ட மட்டும்தான் இருக்கு."

சாப்பாடு முடிந்ததும் அக்காவே ஒரு பொத்தானைத் திறந்து, "இதுக்காகத் தைச்சேன்" என்று பெரியம்மாவிடம் காட்டினார். பெரியம்மா குழாயைப் பார்த்தார். பிறகு மடிப்பை விரலால் தடவி, "இதை எப்படிடி இவ்வளவு அழகா திருப்புன?" என்றார். அக்கா அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இறுதி ஊர்வலத்தன்று டயாலிசிஸ் மையத்துப் பெண்கள் வேனில் வந்து இறங்கியதை நம் அடுக்குமாடிக்காரர்கள் நீங்களும் பார்த்தீர்கள். எல்லார் மேலும் அக்கா தைத்துக் கொடுத்த சட்டை; நிறம் வேறு, முறுக்கு ஒன்று. பொத்தான் சிலருக்கு வலது தோளில், சிலருக்கு இடது தோளில். அவை அத்தனையும் முதலில் என் தோளில் அளந்தவை என்று அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் காகிதங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன, கழுதையோடு சேர்த்து. நேற்று சாந்தி ஆன்டி அழைத்தார். மையத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம், யாரிடமும் பேசுவதில்லையாம்.

"எந்தப் பக்கம், ஆன்டி?" என்று கேட்டேன்.